பெண் பார்க்க வந்தவருக்குச் சிவப்புக் கட்டம்

பெண் பார்க்க வருபவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். கேட்காததையும் சேர்த்துச் சொன்னால் குடி முழுகிவிடும். தொண்ணூறுகளில் இது தெரியாத ஒரே டாக்டர் நான்தான். (பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் உள்ள இதயமெல்லாம் என்னை நம்பித்தான் துடிக்கிறது என்று நினைப்பு.)

வண்ணார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திசையன்விளையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு பேங்க் உத்தியோகம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவருடைய அப்பா மளிகை மொத்த வியாபாரி, ஊருக்கெல்லாம் 'அண்ணாச்சி'.

"பாட்டுப் பாடுவியா தாயி?" என்றார் அண்ணாச்சி.

"பாட வராது. பிரஷர் பார்க்க வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப அதையே பாரு" என்று சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விட்டேனா நான்?

பிரஷர் ஏகத்துக்கு இருந்தது. சர்க்கரை வந்து பல வருஷம். சட்டைப் பையில் சிகரெட் எட்டிப் பார்த்தது. போன மாதம் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருந்தது என்பதை அவரே பெருமையாகச் சொன்னார். என் கைப்பையில் எப்போதும் ஒரு வண்ண அட்டை இருக்கும். வயது, பிரஷர், கொழுப்பு, புகைப்பழக்கம் என்று பார்த்து விரலை நகர்த்தினால், அடுத்த பத்து வருஷத்தில் இதயம் மக்கர் பண்ண எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கட்டத்தின் நிறம் சொல்லிவிடும். சர்க்கரைக்காரர்களுக்குத் தனிப் பக்கம். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்து விரலை நகர்த்தினேன்.

"சிவப்புக் கட்டம், மாமா. பத்து வருஷத்துக்குள்ள மாரடைப்பு வர நிறைய வாய்ப்பு இருக்கு." (உறவுமுறை வேறு!)

அண்ணாச்சியின் கேசரி பாதி வழியில் நின்றது. "ஏட்டி, நல்ல காரியத்துல பேசுத பேச்சா இது?" என்று அம்மா பல்லைக் கடித்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. போச்சு, கல்யாணம் போச்சு.

அண்ணாச்சி அட்டையை வாங்கி, ஜாதகம் பார்ப்பதுபோலத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"பரிகாரம் உண்டா?"

"உண்டு மாமா. சிகரெட்டை விடணும். மாத்திரையை ஒழுங்கா போடணும். தினம் நடக்கணும்."

"எந்தக் கோயிலுக்கு?"

"எந்தக் கோயிலானாலும் சரி. பஸ்ல மட்டும் போகக் கூடாது."

சிகரெட் பாக்கெட்டை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தார். "ஏலே," என்றார் மகனிடம், "பயங்காட்டுத டாக்டருவள நெறைய பாத்தாச்சி. இவ வழியும் சொல்லுதா. விட்டுராதல!"

மாப்பிள்ளையும் விடவில்லை. மாமனார் நடக்க ஆரம்பித்தவர்தான், அந்தப் பத்து வருஷத்தையும் அதற்கு மேலும் நடந்தே தாண்டிவிட்டார். வீட்டில் யார் இரண்டாவது இனிப்பை எடுத்தாலும் "கட்டம் பாக்கணுமா?" என்பதுதான் இன்றும் எங்கள் மிரட்டல்.

சமீபத்தில் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மூன்றாவது லட்டை எடுத்ததும் என் கை தானாகக் கைப்பையைத் தேடியது. எண்பதைத் தாண்டிய மாமனார் என் காதருகே குனிந்தார்.

"பைய, தாயி. முதல்ல தாலி ஏறட்டும். பொறவு இவரையும் நடக்க விடுவோம்."