மூன்று குழி நாற்காலி

“இது நாற்காலியா, முட்டை அடுக்கற தட்டா?” தச்சர் போட்ட கூச்சலில் பட்டறையே அதிர்ந்தது.

இயந்திரம் அப்போதுதான் செதுக்கி முடித்த இருக்கையில் மூன்று குழிகள். முன்பக்கம் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. அகலமோ கேட்கவே வேண்டாம், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

“நானா வரைஞ்சேன்? கம்ப்யூட்டர் வரைஞ்சது,” என்றாள் மனைவி. “அந்தக் கம்பெனி முதலாளி எப்படி உட்கார்றாரோ, அப்படியே வரைஞ்சிருக்கு.”

புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் பட்டறை அது. வாடிக்கையாளரின் நாற்காலியில் ஒரு வாரம் ஒரு மெத்தையைப் போட்டு வைப்பார்கள். அவர் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தி உட்காருகிறார் என்று மெத்தை கண்டு சொல்லும். அதை வைத்து அவள் கம்ப்யூட்டர் வரையும், இயந்திரம் மரத்தைக் குடையும், மிச்சத்தை இவர் கையால் இழைத்து முடிப்பார்.

இந்த நாற்காலி முதலாளிக்குப் பிடித்துவிட்டால் அவர் கம்பெனி முழுக்க இவர்கள் நாற்காலிதான். பிடிக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, மச்சான் கடையில் ஜன்னல் செய்யப் போகவேண்டியதுதான். “கடைசியில என்கிட்டதான் வரப்போறீங்க மாப்பிள்ளை” என்று அந்த மகானுபாவன் இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

காலும் சாய்வும் பொருத்தி முடித்ததும் முதலாளி பட்டறைக்கு வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. போட்டோவுக்கு உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். முகம் கோணிப்போயிற்று.

“தொடையில குத்துதே! நாளைக்குச் சரிபண்ணி என் ஆபீசுக்குக் கொண்டு வாங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், தச்சர் நடுக்குழியில் ஒரு மரத்துண்டை ஒட்டி அடைத்தார். அடைத்ததால் பாரம் ஒரே பக்கம் விழுகிறது என்று மனைவி முதுகுச் சாய்வை முன்னால் தள்ளச் சொன்னாள். தள்ளிவிட்டு உட்கார்ந்து பார்த்தார் மனுஷன். சர்ரென்று வழுக்கித் தரைக்கு வந்துவிட்டார்.

“ஐயோ, இடுப்பு போச்சு!”

“குழியை அடைக்கச் சொல்லி யாரு அழுதா? மெத்தை பொய் சொல்லாதுங்க.”

“அப்ப அவரு தொடை பொய் சொல்லுதா?”

வழுக்காமல் இருக்க முன்விளிம்பில் ஒரு கட்டையை அடித்தார். உட்கார்ந்து பார்த்தால் கால் மரத்துப்போனது. கட்டைக்கு ஈடுகட்ட நாற்காலியின் பின்னங்கால்களைக் கொஞ்சம் அறுத்தார். நாற்காலி மல்லாந்து விழுந்தது.

“முதல்ல உன் படத்தை அழிச்சுத் தொலை! அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதிக்குது!”

அவளுக்கும் பொறுமை போய்விட்டது. பட்டென்று ஒரு பொத்தானைத் தட்டினாள்.

“அழிச்சாச்சு. மெத்தை சொன்னதும் அதோட போச்சு. இனி உங்க பாடு, உங்க மரத்தோட பாடு.”

தச்சர் குழி இருக்கையை ஆத்திரம் தீரக் கோடாலியால் பிளந்து போட்டார். பிறகு மாங்கு மாங்கென்று உழைத்து, எல்லோரும் செய்கிற மாதிரி ஒரு நாற்காலியைச் செய்து முடித்தார். மறுநாள் இருவரும் அதைக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதலாளி உட்கார்ந்து பார்த்தார். “குத்தலை,” என்றார்.

தச்சருக்கு உயிர் வந்தது.

“ஆனா இந்த மாதிரி எந்தக் கடையிலயும் கிடைக்குமேய்யா! இதுக்கா ஒரு வாரம் மெத்தை போட்டீங்க? எடுத்துட்டுப் போங்க.”

வந்த உயிர் திரும்பிப் போனது. தச்சருக்கு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, முதலாளியைச் சாப்பிட அழைத்துப்போக அவர் மனைவி உள்ளே வந்தாள். புது நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க இது, இவ்வளவு குறுகலா இருக்கு? கதவைச் சாத்தினதும் ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு, நாள் முழுக்க சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்னு இவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?”