கொஞ்சம் அப்படியே இருங்க

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறவர்கள் ஒரு ஜீவராசியைக் கண்டிருக்கக்கூடும். மனித இனம்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் மற்ற மனிதர்களைப்போல நேராக நிற்காது. சாக்கடை ஓரத்தில் குந்தியிருக்கும். பஸ் நிலையத்தில் மல்லாந்து படுத்திருக்கும். யாரோ மயக்கம் போட்டுவிட்டார் என்று பதறிப்போய் நீங்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடினால், "சார், லைட்டை மறைக்காதீங்க" என்று படுத்தபடியே சொல்லும். பாக்கெட்டின் மேல் பாக்கெட் வைத்துத் தைத்த ஒரு கையில்லாத கோட்டு, கழுத்தில் கறுப்புக் கேமரா, கண்ணில் உலகத்தின் துயரத்தையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுமக்கிற களைப்பு. இதற்குப் பெயர் தெருப்படக் கலைஞர்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் பாவம், வயிற்றுப்பாட்டுக்கு எடுக்கிறார். இவர் வயிற்றுப்பாட்டை வேறிடத்தில் முடித்துக்கொண்டு ஆத்மாவுக்காக எடுக்கிறவர். தெரியாத்தனமாக இவரிடம் போய், "எங்க பையனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம், ரெண்டு படம் எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. சங்கீத வித்துவானிடம் சங்கு ஊதச் சொன்னதுபோல உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

ஆராய்ச்சிக்கு ஓர் உருப்படி வேண்டும் அல்லவா? அரிபிரசாத்தை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. திண்டிவனத்தில் டைல்ஸ் கடை. வாரத்தில் ஆறு நாள் குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் எது என்று விளக்குவார், ஏழாம் நாள் கலைஞர். மனைவி காயத்ரி, மனைவியின் தம்பி கோபி. கோபிக்கு வேலை கிடைக்கும்வரை மாமாவின் கேமரா பையைத் தூக்குவது வேலை.

அரிபிரசாத்தின் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: வாழ்க்கையை அது இருக்கிறபடியே எடுக்க வேண்டும். அதற்காக வாழ்க்கையை எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்திவைக்கத் தயங்க மாட்டார். விழுப்புரம் பழைய பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் நடராசன் இதற்குச் சாட்சி.

"அண்ணே, அந்த டீயை இன்னொரு வாட்டி ஆத்துங்க. இயல்பா."

"எத்தினி வாட்டிங்க ஆத்துறது? ஐஸாயிடுச்சு. கேட்டவரு பஸ் ஏறிப் போய்ட்டாரு."

"அதான் வேணும்! ஆளே இல்லாத டீக்கடை. தனிமை!"

"நீங்க வந்ததால தாங்க ஆளு இல்லை" என்று நடராசன் சொன்னது கலைஞரின் காதில் விழவில்லை.

நம் ஊர் ஜனங்களுக்குக் கேமராவைக் கண்டால் ஒரு மரியாதை உண்டு. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்கள், தலையைத் தடவிவிட்டுக்கொள்வார்கள், மூச்சைப் பிடித்து நேராக நின்று, "நல்லா வுழுதா?" என்று கேட்பார்கள். அரிபிரசாத்துக்கு இதைக் கண்டால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். சிரித்தால் படம் இல்லை. மூட்டை தூக்குகிறவர் மூட்டையோடு இருக்க வேண்டும். இறக்கிவைத்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டு, "இப்ப எடு சார்" என்று அவர் ஆசையாக நின்றால் கேமரா மூடிக்கொள்ளும். எடுத்ததையெல்லாம் ராத்திரி கறுப்பு வெள்ளையாக மாற்றுவார். கலரில் இருக்கும்வரை அது கோலியனூர்க் குப்பைத்தொட்டி. கறுப்பு வெள்ளை ஆனதும் நாகரிகத்தின் வீழ்ச்சி. அதன் கீழே முகம் தெரியாத முந்நூறு பேர் "ஆழம்" என்று எழுதுவார்கள். என்ன ஆழம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்கிறீர்களா? காயத்ரி தன் அம்மாவிடம் போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சமையக்கட்டுல குழாய் ஒழுகுதுன்னு சொன்னேம்மா. ஓடியாந்தாரு. ரெண்டு மணி நேரமா கேமராவுல சொட்டைப் புடிச்சிக்கினு இருக்காரு, குழாயைப் புடிக்க ஆளு இல்லை."

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பாலைவனம் குறுக்கிட்டது. எங்கோ ஒரு வெள்ளைக்காரர் நகரத்தையும் பாலைவனத்தையும் மாற்றி மாற்றி எடுத்த படங்களை அரிபிரசாத் போனில் பார்த்துவிட்டார். நகரம் நம்மிடம் இருக்கிறது, திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே போய் நின்றால் போதும். பாலைவனத்துக்கு எங்கே போவது? விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பு உண்டு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை உண்டு, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் உண்டு. பாலைவனம் மட்டும் கடவுள் கொடுக்கவில்லை. அந்தக் குறையை யாராவது நிவர்த்தி செய்யத்தானே வேண்டும்!

முதலில் மரக்காணம் போனார். மணல் இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் கடல் வந்து நின்றது. கடலை மறைக்க மண்ணில் படுத்தபோது, "வலை இழுக்கணும் சார், ஓரமாப் படு" என்று எழுப்பிவிட்டார்கள். அடுத்து வானூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் எம்-சாண்ட் குவியல். பாலைவனத்துக்கு மட்டும் கலர் உண்டு, சாம்பல் நிறத்தைக் கம்ப்யூட்டரில் மஞ்சளாக்கிவிடலாம் என்று கோபியின் தலையில் துண்டைக் கட்டி உச்சிக்கு ஏற்றினார். ஒட்டகத்துக்குத் தூரத்தில் ஓர் எருமை. தூரத்தில் நின்றால் எல்லாம் ஒட்டகம்தான் என்பது அவர் கட்சி. "மாமா, ஜேசிபி வர்துங்க" என்று உச்சியிலிருந்து கோபி கத்தினான். "அப்படியே இரு, பயம் மூஞ்சியில நல்லா வருது" என்றார் மாமா. மண்ணோடு மண்ணாகச் சரிந்து வந்த மைத்துனன் அன்றோடு ராஜினாமா செய்துவிட்டான்.

கோபி இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை, சித்திரை வெயிலில், கலைஞர் தனியாகப் பைக்கில் விழுப்புரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி தாண்டி சர்வீஸ் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பாதி ரோட்டை வளைத்துப் போட்ட நெல். அதன் நடுவே அஞ்சம்மாள் என்ற பெண்மணி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் போன வழியெல்லாம் வரிவரியாக மேடும் பள்ளமும். நீங்களும் நானும் பார்த்தால் நெல் என்போம். அரிபிரசாத் பிரேக் போட்ட போட்டில் பின்னால் வந்த ஆட்டோ அவரைத் திட்டிக்கொண்டே விலகிப் போனது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது மணல். காற்று வரிவரியாகக் கோடு கிழித்த பொன் மணல்!

"அம்மா, கொஞ்சம் அப்படியே இருங்க."

"எங்கப்பா அப்படியே இருக்கிறது? நெல்லு கிளறிக்கினு இருக்கேன்."

"கிளறுங்க, ஆனா மெதுவா. முந்தானையைத் தலையில இழுத்துப் போட்டுக்கோங்க. ராஜஸ்தான் மாதிரி இருக்கும்."

"அங்கயும் ரோட்டுலதான் காயவைக்கிறாங்களா?" என்று அஞ்சம்மாள் நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

அவளுடைய அன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஏக்கர் விளைச்சல் மொத்தமும் அந்தத் தார்ச்சாலையில் கிடந்தது. சாயங்காலம் வியாபாரி லாரியோடு வருகிறான். காய்ந்திருந்தால் ஏற்றிக்கொண்டு போவான். நனைந்திருந்தால் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டுப் போவான், அப்புறம் குவியலிலேயே முளைவிட்டுவிடும். புருஷன் முத்துசாமி கோணி வாங்க விக்கிரவாண்டிக்குப் போயிருந்தார். வாகனங்கள் ஏறிவிடாமல் இரு பக்கமும் கல் அடுக்கிவிட்டு அவள் தனியாகக் காவல் நின்றாள்.

ஒரு மணி நேரம் அவளை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, வந்த வழியே திரும்ப நடக்கவிட்டு எடுத்தார். அவளும் சரி, யாரோ ஆசைப்படுகிறான் என்று நடந்தாள். அப்போதுதான் மேற்கே பார்த்தாள்.

"தம்பி, மானம் கறுத்துக்கினு வர்து. நான் நெல்லைக் கூட்டணும்."

அரிபிரசாத்தும் பார்த்தார். மை பூசினாற்போல மேகம், கீழே பொன் மணல். அவர் சந்தோஷமாக இரண்டடி பின்னால் போய்க் கேமராவை உயர்த்தினார். அஞ்சம்மாள் பலகையை எடுத்து நெல்லைத் தள்ளித் தள்ளிக் குவித்தாள். ஓடினாள், வந்தாள், மறுபடி ஓடினாள். பாதி குவிவதற்குள் காற்று வந்துவிட்டது. தார்ப்பாயை உதறி ஒரு முனையில் கல்லை வைத்தாள். மறு முனை அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது.

"தம்பி! அந்தப் பக்கம் புடி! ஜல்தி!"

"ஒரு செகண்டும்மா! அது பறக்கட்டும்! அப்படியே இருங்க!"

நான் அங்கே இருந்தேனா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. வீடியோவில் பார்த்தேன். எதிரே டீக்கடை இருந்தது. நடந்தது முழுவதும் ஊருக்கே வந்துசேர்ந்தது, எனக்கும் வந்தது.

மழை சடசடவென்று இறங்கியது. அரிபிரசாத் சுறுசுறுப்பானார். பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, கேமராவுக்கு அழகாகப் போட்டு, அடியில் நாடாவைக் கட்டினார். ஆமாம், கேமராவுக்கு ரெயின்கோட்டு. பச்சைக் குழந்தைக்குப் போடுகிறாற்போலப் பொறுமையாகப் போட்டார். அஞ்சம்மாள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பறக்கிற தார்ப்பாயின் மேல் அப்படியே குப்புற விழுந்து, கையையும் காலையும் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவள் உடம்பு அமுக்கிய மட்டும் நெல் தப்பித்தது. மிச்சம் மழைத்தண்ணீரோடு மஞ்சளாகக் கரைந்து ரோட்டோரப் பள்ளத்துக்கு ஓடியது. அவள் முகத்துக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து கலைஞர் எடுத்தார். அந்த இடத்தை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

மழை விட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொட்டிக்கு மாட்டுன நேரத்துல இந்த முனையைப் புடிச்சிருக்கலாமே தம்பி."

"அம்மா, நீங்க கவலைப்படாதீங்க. இந்தப் படம் உலகம் பூரா போகும்."

"போவட்டும். என் நெல்லு பள்ளத்துல போய்டுச்சே" என்றாள் அஞ்சம்மாள். சாயங்காலம் வியாபாரி வந்தான், கையில் அள்ளிப் பார்த்தான், லாரியைத் திருப்பிக்கொண்டு போனான்.

படம் சொன்னபடியே போயிற்று. "பாலையில் முதல் மழை" என்று தலைப்பு. ஏதோ ஒரு குழு இந்த வாரத்தின் சிறந்த படம் என்று அறிவித்தது. "எந்த ஊர் சார், ஜெய்சல்மேரா?" என்று கேட்டவர்களுக்கு அரிபிரசாத் ஒரு புன்னகைப் பொம்மையை மட்டும் அனுப்பிவைத்தார். இரண்டு நாள் கழித்து டீக்கடை வீடியோக்கள் வெளியே வந்தன. அப்புறம் கேட்க வேண்டுமா! ஈரமில்லாதவன், மிருகம், இவன் சோறுதான் தின்கிறானா என்று ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். டைல்ஸ் வாங்க வந்தவர்கள்கூட முதலில் திட்டிவிட்டு, பிறகு தள்ளுபடி கேட்டார்கள். காயத்ரி பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தட்டுப்பட்டது. ஒன்று டீக்கடைக் கூரைக்கு அடியில் நின்று எடுத்தது. அதில் பக்கத்தில் நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒன்று ஒதுங்கி நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து எடுத்தது. அதில் டீக்கடையே வரிசையாகப் போன் தூக்கி நிற்கிறது. ஒன்றில் எடுக்கிறவரின் குரலும் கேட்கிறது: "பாருங்க மக்களே, மனிதாபிமானம் செத்துப்போச்சு!" குரல் தழுதழுக்கிறது, படம் மட்டும் துளிகூட ஆடவில்லை. அப்படிப்பட்ட கை. அந்தக் கையில் தார்ப்பாயின் முனையைக் கொடுத்திருந்தால் புயலே வந்தாலும் அசைந்திருக்காது. டீக்கடையிலிருந்து நெல்லுக்கு எவ்வளவு தூரம்? ஒரு ரோடு. அதுவும் சர்வீஸ் ரோடு.

எல்லாவற்றிலும் தெளிவாக வந்திருப்பது ஒரு காருக்குள்ளிருந்து எடுத்தது. வைப்பர் துடைக்கத் துடைக்க, தார்ப்பாயின் மேல் கிடக்கிற அஞ்சம்மாள் தெரிகிறாள், மறைகிறாள், தெரிகிறாள். பின்னால் மெதுவாகப் பாட்டு. "அய்யோ பாவம்ல?" என்று ஒரு குரல். கண்ணாடி கடைசிவரை இறங்கவில்லை. மற்ற வீடியோக்களை எடுத்தவர்களை, ஒருவர் எடுத்ததில் இன்னொருவராக, நான் கண்டுபிடித்துவிட்டேன். கார்க்காரர் மட்டும் எதிலும் சிக்கவில்லை.

அஞ்சம்மாளுக்கும் அந்த வீடியோவை யாரோ காட்டியிருக்கிறார்கள். அரிபிரசாத்தை அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். காரைத்தான் கேட்டாளாம்: "ஏன் உள்ளயே குந்திக்கினு இருந்தாங்க? நெல்லு நனைஞ்சா முளைச்சிடும். அவங்க நனைஞ்சா இன்னா, முளைச்சிடவா போறாங்க?"

இவ்வளவு நேரம் அரிபிரசாத்தைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள், சந்தோஷம். ஒரே ஓர் உபகாரம் செய்யுங்கள். சித்திரையில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் ரோட்டில் காரில் போனீர்களா? போனை எடுத்து அந்த மாதத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். வைப்பருக்கு அந்தப் பக்கம் அஞ்சம்மாள் இருந்தால், அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.