எங்கள் வீட்டுக்கு மேலே போகவிருந்த லண்டன் விமானம்

புதிதாக வேலையில் சேர்ந்த பூகோள வாத்தியாரிடம் தூரத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. 'தெரியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வாத்தியார் நான்தான்.

அறுபதுகளின் கடைசி. என் தங்கை வசந்தாவுக்கு, லண்டனில் இருந்த புருஷனிடம் போக டிக்கெட் வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சீமை எவ்ளோ தூரம்பா இருக்குது?"

பள்ளிக்கூடத்து அட்லஸை விரித்தேன். அப்பாவின் தறியிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்து, மெட்ராஸிலிருந்து லண்டனுக்கு இழுத்துப் பிடித்தேன்.

"ஐயாயிரம் மைல்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இழை காஞ்சிபுரத்தின் மேலேயே போவதைக் கண்டுபிடித்துவிட்டேன். (உலகப் படத்தில் முப்பது நாற்பது மைல் ஒரு நூலின் தடிமனுக்குள் அடங்கிவிடும் என்பது இந்த மேதைக்கு உறைக்கவில்லை.)

புறப்படும் காலை டாக்ஸியில் இடமில்லை. அப்பா, வசந்தா, அவள் மாமனார், மாமியார், மடி நிறைய மூட்டைகள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குமா இடிச்சிக்கினு போற? பத்து மணிக்குக் கிளம்புது. பத்தேகாலுக்கு நம்ம வீட்டு மேலதான் போவும். மாடியில நின்னு பாக்கலாம்."

"நெஜமாவா கண்ணு?"

"நான் பூகோளம் படிச்சவன்மா."

அம்மா கதவை விட்டாள். "மேல போவும்போது குனிஞ்சு பாருடி, செவப்புப் புடவை ஆட்டறேன்," என்று மகளின் கன்னத்தைத் தடவினாள்.

பத்து மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் தெருவே கூடிவிட்டது. பத்தேகாலுக்கு இரண்டு பருந்துகள் வந்தன. பதினொன்றுக்கு அவையும் போய்விட்டன. தரை சுட, அம்மா கால் மாற்றி மாற்றி நின்றாள். "எதிர்க்காத்துமா," என்றேன்.

பதினொன்றரைக்குச் சத்தம் கேட்டது. பயிற்சிக்குப் பறக்கும் சின்ன விமானம் ஒன்று. இரண்டு பேர் ஏறினால் நிறைந்துவிடும்.

"ஏம்பா, இது மெட்ராஸ் பக்கமால்ல போவுது?" என்றார் எதிர்வீட்டு முருகேசன்.

"திரும்பிக்கினு போவும்."

அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. "வசந்தா! வசந்தா!" என்று கத்தியபடி புடவையை ஆட்டினாள்; கண்ணீர் கொட்டியது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஜன்னல்ல அவ கை தெரிஞ்சுதுடா," என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

"ஆமாம்மா, நானும் பாத்தேன்."

மூன்று மணிக்கு டாக்ஸி திரும்பி வந்தது. வசந்தா இறங்கினாள். "ஏதோ கோளாறாம்மா. நாளைக்குத்தான் கிளம்புமாம்."

அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் யாருக்குடா புடவை ஆட்டினேன்?"

மறுநாள் டிரைவருக்கு முன்பே அம்மா டாக்ஸியில் ஏறிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் நான் அவள் எதிரிலேயே போகவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் அழுதுக்கினே நின்னோம்டா. அப்போ உன் நெனப்பு வந்திச்சு, சிரிச்சிட்டேன். அவளும் சிரிச்சிக்கினேதான் ஏறினா."

இன்றும் எங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்திலிருக்கும் திருப்புட்குழிக்கு பஸ் ஏறினாலும், வழியனுப்ப நான் மாடிக்குப் போக வேண்டும் என்பார்கள். போன மாதம் பேரன் அமெரிக்கா கிளம்பினான். காரில் இடம் தாராளமாக இருந்தது. "தாத்தா, நீங்க மாடியில நில்லுங்க," என்று கதவைச் சாத்திவிட்டான்.

போய் நின்றேன் என்பதை அவனிடம் யாரும் சொல்ல வேண்டாம்.