பதிவேட்டில் ஏறிய தவளை

ஏரியில் வாழும் சகல ஜீவராசிகளையும் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும் மகத்தான பொறுப்பு, மாடிப்படி ஏறியதும் இடது பக்கம் இரண்டாவது அறையில் இருந்தது. அந்த அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்று, ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள் ஒரு தவளை, மேசைக்குப் பின்னால் அளவீட்டாளர். இத்தனையிலும் அசைவது மின்விசிறி மட்டும்தான்.

ஏரிக்கு அக்கரையில் அணுமின் நிலையம். அங்கிருந்து ஏதாவது கசிந்து ஏரியில் கலக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்வதற்காகவே இந்த அலுவலகம். மீன், நாரை, நண்டு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து அளப்பது ஆகிற காரியமா? சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஏதாவது ஓர் உயிரைப் ‘பிரதிநிதி உயிரினம்’ என்று அறிவித்து அதை மட்டும் அளந்தால் போதும். அது நலமென்றால் ஏரியும் நலம். தவளை ஏகமனதாகத் தேர்வானது. தவளையை யாரும் கேட்கவில்லை.

அளக்கும் கருவி கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆகவே தவளையைக் கருவியிடம் கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்குள் வரும் எதுவும் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது அடுத்த விதி. தவளை ஏறியது. பதிவேட்டில் ஏறிய எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அதற்கும் அடுத்த விதி. சீட்டில் மேசை, நாற்காலி, இதர என்று மூன்றே வகை. உயிருள்ளது ‘இதர’வில் சேருமா என்று தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். ஆறு வருஷம் ஆகிறது, பதில் வரவில்லை.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தவளைதான் அளக்கப்பட்டது. படிவமும் அதேதான். ‘நிலை: உயிருடன். அசைவு: இல்லை. ஏரி: பாதுகாப்பானது.’

முதல் வருஷம் அளவீட்டாளருக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. இரண்டாம் வருஷம் நாற்காலிக்கு மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டார். உறுத்தல் நின்றுவிட்டது.

அவருடைய அக்காவுக்கு ஏரிக்கரையில் வீடு. ஏரித் தண்ணீர்தான் அவள் வீட்டுக் குழாயில் வரும். தவறாமல் போன் பண்ணிக் கேட்பாள்.

“தம்பி, தண்ணி குடிக்கலாமாடா?”

“அளந்தாச்சுக்கா. தைரியமாக் குடி.”

சொல்லிவிட்டு, தொண்டை காய்ந்தால் எழுந்து போய் கேன் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். அலுவலகத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து கேன் தண்ணீர் வந்தது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் காலையில் தவளை செத்துக் கிடந்தது. எப்போது செத்தது என்று சொல்வது கடினம். அசைவில்லாததை வைத்து அந்த அறையில் எதையும் முடிவு செய்ய முடியாது. ஓர் ஈ அதன் மூக்கின் மேல் உட்கார்ந்து, சாவகாசமாகக் கால் தேய்த்துவிட்டுப் பறந்த பிறகுதான் அளவீட்டாளருக்குச் சந்தேகமே வந்தது.

கண்காணிப்பாளர் அம்மாள் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பிரதிநிதி செத்துட்டா ஏரி செத்துட்டதா அர்த்தம். இருபத்துநாலு மணி நேரத்துல கரையில இருக்கிற எல்லாரையும் காலி பண்ணணும்.”

“மேடம், அது வயசாகிச் செத்துது. ஏரிக்கும் அதுக்கும் ஆறு வருஷமா பேச்சுவார்த்தையே கிடையாது.”

“அதை எழுதிக் குடுங்களேன் பார்ப்போம்.”

அளவீட்டாளர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் ஆறு வருஷமும் சேர்ந்து எழுந்து நிற்கும். எழுதாவிட்டால் அக்கா மூட்டை கட்ட வேண்டும்.

“வேற தவளை பிடிச்சிட்டு வந்துடலாமா?”

“பழையதைக் கழிச்சாத்தான் புதுசு வாங்க முடியும். கழிக்கிற கமிட்டி மார்ச்சுலதான் கூடும்.”

விஷயம் துணை இயக்குநரிடம் போனது. அவர் விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, நிதானமாகப் படித்தார். இக்கட்டான நேரத்தில் கைகொடுக்கும் விதி ஒன்று எப்போதும் இருக்கும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

“பிரதிநிதி இல்லாத பட்சத்தில், அதே வாழிடத்தில் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வசித்த வேறோர் உயிரினத்தைப் பிரதிநிதியாகக் கொள்ளலாம்” என்று உரக்கப் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அளவீட்டாளரைப் பார்த்தார். “அந்த ரூம்ல நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“ஆறு வருஷமா சார்.”

“நடுவுல எங்கேயாவது போனீங்களா? ஏரிப்பக்கம் ஏதாவது?”

“சேச்சே! இல்ல சார்.”

“ரொம்ப நல்லது.”

அளவீட்டாளரைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய கருவியாலேயே அவரை அளந்தார்கள். தவளைக்கு என்ன வந்ததோ அதே அளவுதான் அவருக்கும் வந்தது. ஏரி பாதுகாப்பானது என்று நிரூபணமாயிற்று. கண்காணிப்பாளர் அம்மாள் பொருட்பதிவேட்டில் தவளைக்கு நேரே பெயரை மட்டும் மாற்றினார்.

எல்லோரும் கை கொடுத்தார்கள். அளவீட்டாளருக்கு அழுகை வந்தது. தவளையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தபோதுதான், அக்காவிடம் இத்தனை நாள் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது உறைத்தது. ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று படி இறங்கினார். ஏரித் தண்ணீரை ஒரு முறையாவது நிஜமாக அளந்துவிடுவது என்று தீர்மானம்.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். “சார், உங்களுக்கு அனுமதிச் சீட்டு?”

“என்னப்பா, என்னையே கேக்கிற?”

“பதிவேட்டுல ஏறிட்டீங்களாமே. நீங்க எதுல வருவீங்க சார்? மேசையா, நாற்காலியா?”

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டார். “அக்கா, ஏரித் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வர்றியா? அளந்து பார்க்கணும்.”

எதிர்முனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. “அப்போ இத்தனை நாளா எதைடா அளந்தே?”

அரைமணி நேரத்தில் அக்கா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் தண்ணீர் ஜாடி, இன்னொரு கையில் டம்ளர். முகத்தைப் பார்த்ததும் காவலாளியே ஓரடி பின்வாங்கினார். அவள் போட்ட சத்தம் கேட்டு மொத்த அலுவலகமும் இறங்கி வந்தது.

துணை இயக்குநர் அன்போடு விளக்கினார். “அம்மா, தண்ணியை உள்ள விட முடியாது. உள்ள வந்தாப் பதிவேட்டுல ஏறணும். ஏறினா ஆவியாகிக் குறையும். குறைஞ்சா விசாரணை வரும்.”

“சரி, அளக்க வேண்டாம். பாதுகாப்பானதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்கள்ல? ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க. பார்த்துட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

டம்ளர் நிறைந்தது. ஆளாளுக்குத் தங்கள் கையிலிருந்த கேன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

“நம்ம எல்லார் சார்பாவும் குடிக்கிறதுக்குத்தானே பிரதிநிதி” என்றார் துணை இயக்குநர்.

அளவீட்டாளர் டம்ளரை வாங்கினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்பது மட்டும் அவருக்குத் தொழில்முறையில் தெரியும்.

“அக்கா, அளந்துட்டுக் குடிக்கிறேனே.”

“நீ அளந்தேன்னு நம்பித்தானேடா நான் ஆறு வருஷமாக் குடிச்சேன். புள்ளைங்களுக்கும் குடுத்தேன்.”

அவர் டம்ளரை உதடு வரை கொண்டுபோனார். அதற்கு மேல் கை போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அறிக்கைக்கு நேரமாகிவிட்டதால், கண்காணிப்பாளர் அம்மாள் அங்கேயே சுவரில் படிவத்தை வைத்து, அளவீட்டாளரை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டு, மிச்சமிருந்த கட்டத்தை நிரப்பினார்.

‘அசைவு: இல்லை.’