பேட்டரிக்கு மலை வைத்தியம்

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருள் ஏன் பழுதானது என்று புரிந்துவிட்டால், அந்தப் பொருளே சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு மிக்ஸி ஏன் சுற்றவில்லை என்று என்னால் கரும்பலகையில் படம் போட்டு விளக்க முடியும். சட்னி மட்டும் அரைபடாது.

நான் சின்னமனூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன், கேரளத்தில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த ஹைபிரிட் காரை வாங்கினேன். பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் வீணாகப் போகிற சக்தியை மின்சாரமாக்கித் தன் பேட்டரியில் தானே சேர்த்துக்கொள்ளும். இந்த அதிசயத்தை நான் விளக்காத ஆள் கம்பம் பள்ளத்தாக்கில் பாக்கி இல்லை. காய்கறிக்கடைக்காரர் கேட்டிருக்கிறார். எங்கள் பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார் (பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில், பாவம், அவரால் எழுந்து போக முடியாது). ஆசிரியர் அறையில் என் குரல் கேட்டாலே எல்லாரும் விடைத்தாள் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வண்டிக்கு வயதாகிவிட்டது. போன வருஷம் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிய ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது வந்தது, பிறகு குடியே வந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். பேட்டரித் தொகுப்பை முழுசாக மாற்ற வேண்டும், இன்வெர்ட்டரும் அதிக நாள் தாங்காது என்றார்கள். அவர்கள் சொன்ன செலவு, வண்டியை அன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதில் பாதிக்கு மேல்.

வீட்டில் இரண்டு கட்சி. என் கணவரின் அக்கா மரியபுஷ்பம் மதினி, அடுத்த தெருவில் இருக்கிறவர், விற்கச் சொன்னார். இவ்வளவு செலவு செய்து பேட்டரியை மாற்றினால் அடுத்த மாசம் ஏசி போகும், அதற்கடுத்த மாசம் வேறொன்று போகும் என்பது அவர் வாதம். மாற்றிவிட்டால் இன்னும் பல வருஷம் ஓடும், பெட்ரோல் மிச்சம் என்பது என் வாதம். இரண்டுமே நியாயம்தான், அதனால்தான் முடிவே வரவில்லை. உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிற என் கணவர் ஆரோக்கியம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கேட்டால் "யோசிப்போம்" என்பார். திருமணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றும் அதையேதான் சொன்னாராம்.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. பேட்டரி சாகவில்லை, சோர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர்ச் சாலையோ தட்டையானது. அதற்குச் சரியான தீனி கிடைப்பதில்லை. ஒரு நீண்ட மலை இறக்கத்தில் விட்டு வயிறு நிறைய மின்சாரம் ஊட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடும். மேகமலைக்கு ஏறி இறங்கினால் போதும். செலவே இல்லாத வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். மதினியும் வந்தார். வண்டியின் மேல் நம்பிக்கை வந்து அல்ல. பக்கத்திலேயே இருந்தும் மேகமலையைப் பார்த்ததில்லை என்று வெகுநாள் குறை. கண்ணாடியில் தொங்கிய, அந்தோணியார் பதக்கம் கோத்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, "அந்தோணியாரு தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு. நின்னத ஓட்டிக் குடுப்பாரான்னு தெரியலயே" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

ஏற்றத்தில் வண்டி பட்ட பாட்டைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேட்டரி கைவிட்டதால் இன்ஜின் மட்டும் அலறியது. வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கியது. ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்துபோனவர் எங்களைத் தாண்டிப் போனார். அடுத்த வளைவில் அவருக்கு ஹாரன் அடித்து வழி கேட்க வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டங்கள் வந்தபோது மதினி பரவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பச்சை எதையும் பார்க்கவில்லை, சிவப்பு முக்கோணத்தைத்தான் பார்த்தேன்.

மேலே சாப்பிட்டுவிட்டு மாலையில் இறங்கத் தொடங்கினோம். அங்கேதான் அற்புதம் நடந்தது. நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் திரையில் பேட்டரியின் கோடுகள் மளமளவென்று ஏறின. பச்சை! முழுப் பச்சை! அடிவாரம் வரை நான் பேசியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஆற்றல் அழிவின்மை விதியில் ஆரம்பித்து, மதுரைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது வரைக்கும் போய்விட்டேன். மதினி தூங்கிவிட்டார். என் கணவர் "ம்" கொட்டினார்.

அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். தூக்கி நின்ற தடுப்புக் கம்பிக்கு நேர் கீழே வந்தபோது காவலர் கை காட்டினார். நான் கம்பீரமாக வண்டியை நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டு, அணைத்தும் விட்டேன். எத்தனை பேர், பிளாஸ்டிக் ஏதும் போட்டோமா என்று விசாரித்துவிட்டுப் போகச் சொன்னார். பட்டனை அழுத்தினேன். எல்லா விளக்கும் எரிந்தன, வண்டி மட்டும் எழவில்லை. திரும்ப அழுத்தினேன். கெஞ்சி அழுத்தினேன். திரையில் முக்கோணம் சிவப்பாகவும் பேட்டரி முழுப் பச்சையாகவும் இருந்தன.

தள்ளிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்த வண்டியில் கியரையும் மின்சாரம்தான் மாற்ற வேண்டும். அது பார்க்கிங்கை விட்டு வர மறுத்ததால் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. சாதாரணப் பழைய காருக்கு இருக்கிற குறைந்தபட்ச மரியாதை, அதாவது நாலு பேர் தள்ளினால் நகர்வது, அதுகூட இதற்கு இல்லை.

மணி ஆறானது. காவலர் நல்ல மனிதர்தான், ஆனால் கடமைக்காரர். "டீச்சர், தப்பா நினைக்காதீக. ஆறு மணிக்குக் கம்பி எறங்கியிருக்கணும். அதிகாரி வந்தாகன்னா என்னையத்தான் கேப்பாக" என்று சொல்லிவிட்டு, கம்பியை மெல்ல இறக்கி எங்கள் கார் கூரையின் மேலேயே வைத்தார். சாவடி சட்டப்படி அடைக்கப்பட்டது.

அந்தக் கோலத்தில்தான் பின்னால் எஸ்டேட் பஸ் வந்து நின்றது. வழியில்லை. ஹாரன் அடித்தார்கள். பயணிகள் இறங்கி வந்தார்கள். அதில் முதலாவதாக இறங்கி வந்தவர் எங்கள் தலைமையாசிரியர். தோட்டத்தில் வேலை பார்க்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாராம். (இந்த மாவட்டத்தில் எத்தனையோ லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆண்டவரே.) அவர் தமிழாசிரியராக இருந்து பதவி உயர்ந்தவர், என் ஹைபிரிட் சொற்பொழிவுகளை வருஷக்கணக்கில் பொறுத்தவர். குனிந்து ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தார்.

"பேட்டரி ஃபுல்லால்ல காட்டுது டீச்சர்?"

"ஆமா சார்."

"ஃபுல்லா இருந்தா ஏன் நிக்குது?"

இத்தனை வருஷம் பாடம் நடத்தியவள், ஒரு பஸ் ஜனத்துக்கு நடுவே நின்று, "தெரியல சார்" என்றேன்.

பிறகு தலைமையாசிரியர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கம்பியைத் தூக்கச் செய்து, ஆட்களை முன்பக்கம் சுற்றி நிறுத்தி, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஓரமாக நகர்த்த ஏற்பாடு செய்தார். மதினி இறங்க மறுத்துவிட்டார். தூக்கம் கலைந்தவருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. ஆட்கள் ஒரே மூச்சில் தூக்க, கார் மூக்கை நிமிர்த்தி அசைந்தது. பின்சீட்டில் முக்காடு போட்டு, கைகூப்பி உட்கார்ந்திருந்த மதினி, திருவிழாச் சப்பரத்தில் பவனி வரும் சொரூபம் போலவே இருந்தார். பஸ்ஸிலிருந்து ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

காரை ஓரமாக விட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பேட்டரி குடமாக இருந்த காலம் போய் டம்ளராகிவிட்டது. டம்ளர் சீக்கிரம்தான் நிறையும். நான் குணம் என்று கொண்டாடியதுதான் நோயே. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருக்கும், யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால்.

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். அப்போதும் நான் அடங்கவில்லை. என்ன செலவானாலும் பேட்டரியை மாற்றியே தீருவது, அந்த வண்டியிலேயே பள்ளிக்கூடத்துக்குள் போய் இறங்குவது என்று சபதம் போட்டேன். என் கணவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

"ஜெசி, உனக்கு வண்டி வேணுமா, இல்ல நீ சொன்னது சரின்னு வரணுமா?"

களைப்பில் உண்மை வந்துவிட்டது. "நான் சொன்னது சரின்னு வரணும்" என்றேன்.

"அப்ப வித்துருவோம். நீ சொன்னது சரின்னு சொல்றதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேன்ல."

மதினிக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. நானும் சிரித்துவிட்டேன், சிரித்தபடியே கொஞ்சம் அழுதேன். அந்த வண்டி எனக்குப் பிடித்த வண்டி. சத்தமில்லாமல் அது கிளம்புகிற விதத்துக்காகவே பல காலைகளில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

குமுளிப் பக்கம் பழைய ஹைபிரிட் வண்டிகளை உதிரிபாகத்துக்கு வாங்குகிற ஒருவருக்கு, நடந்தது அத்தனையும் சொல்லியே விற்றோம். மேகமலைக் கதையைக் கேட்டு, "சேச்சி, இது ஞான் முன்பே கேட்டிருந்தால் டிக்கெட் எடுத்து வந்திருப்பேன்" என்றார். இப்போது எங்களிடம் இருப்பது சாதாரண பெட்ரோல் கார். இறக்கத்தில் எதையும் சேமிக்காது, நின்றால் தள்ளலாம்.

போன மாசம் மதினிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. தேனிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இளம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பல்லைக் காப்பாற்றலாம், வேர் சிகிச்சை செய்து மேலே மூடி போடலாம், செலவு கொஞ்சம் ஆகும், வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மதினி வாயில் பஞ்சோடு என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"புடுங்கிருங்க தம்பி. யோசிக்க விட்டா இவ என் பல்ல மேகமலைக்குக் கூட்டிட்டுப் போயிருவா."