பாம்புக்கு வைத்த சத்தியம்

"ஒரே ஒரு வாய். எனக்காக!" என்று கெஞ்சினார் ஷுக்ரி.

கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டிருந்த பஸ்பூஸா முகத்தைத் திருப்பிக்கொண்டது. இடுக்கியில் தொங்கிய எலிக்குஞ்சு, வெந்நீர் சொட்டச் சொட்ட, ஷுக்ரியைவிடக் கொஞ்சம் குறைந்த பரிதாபத்துடன் ஆடியது.

பாம்பு அவருடையதல்ல, மனைவி பஹீகாவுடையது. ட்ராம் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவர் வீட்டோடு உட்கார்ந்த மாதமே, "இந்த வீட்ல பேசாம இருக்கிற ஜீவன் ஒண்ணாவது வேணும்" என்று அவள் வாங்கிவந்த ஆரஞ்சு நிறப் பாம்பு அது. விஷம் கிடையாது. கோபம் கிடையாது. இப்போது பசியும் கிடையாது.

பஹீகா டாண்டாவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போது குளிர்பெட்டியில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். வாரம் ஓர் எலி. உறைந்ததை வெந்நீரில் இளக்கிக் கொடு. சாப்பிடாவிட்டால் விட்டுவிடு, வற்புறுத்தாதே.

கடைசி வரிதான் ஷுக்ரிக்குப் புரியவில்லை. அலெக்சாந்திரியாவில் சாப்பாட்டை ஒரு முறை மறுப்பது மரியாதை, இரண்டாம் முறை மறுப்பது வெட்கம். மூன்றாம் முறை யாரும் மறுத்து அவர் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் ஆறு புறா வறுவலைத் தின்றுவிட்டு, மீட்டரைப் பார்க்காமலே நான்கு காலில் மாடியிறங்கிப் போயிருக்கிறார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, எலி மூன்றாம் முறையாக மறுக்கப்பட்டதும், விருந்தாளிகளிடம் வழக்கமாகச் சொல்வது ஷுக்ரியின் வாயிலிருந்து தானாகவே வந்து விழுந்தது.

"பஹீகா இந்த வாசப்படிய மிதிக்கிறதுக்குள்ள நீ இத முழுங்கலேன்னா, அவளுக்குத் தலாக்!"

ரொட்டியோடு உள்ளே வந்த வாட்ச்மேன் பயூமி அப்படியே நின்றுவிட்டார்.

"உஸ்தாஸ்... இப்ப என்ன சொன்னீங்க?"

"சும்மா, பழக்க தோஷம். எல்லார்கிட்டயும் சொல்றதுதானே?"

வாஸ்தவம்தான். முப்பத்தெட்டு வருடத்தில் பஹீகாவை அவர் இப்படி ஆயிரம் தடவையாவது பணயம் வைத்திருப்பார். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. விருந்தாளி பதறிப்போய்த் தட்டை இழுத்துக்கொள்வார், கல்யாணம் பிழைத்துக்கொள்ளும்.

"அவங்களுக்கெல்லாம் காது இருக்கு உஸ்தாஸ்," என்றார் பயூமி. "இதுக்குக் காதே கிடையாதே!"

மறுநாள் பள்ளிவாசல் இமாமிடம் ஓடினார் ஷுக்ரி. இமாம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துவிட்டு, "அவங்க வர்றதுக்குள்ள பாம்பு சாப்பிட்டுட்டா ஒரு வம்பும் இல்ல. இல்லேன்னா ரெண்டு பேரும் வாங்க, உக்காந்து பேசுவோம்," என்றார். ஷுக்ரியின் காதில் 'இல்லேன்னா' மட்டும்தான் விழுந்தது.

மாலையில் பஹீகா போன் செய்தாள்.

"பஸ்பூஸா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டு ஏப்பமே விட்டுட்டா!"

"பாம்பு ஏப்பம் விடாது ஷுக்ரி."

"நம்ம வீட்டுப் பாம்பு விடும்."

"சரி, நாளைக்கு மத்தியானம் வந்துடறேன்."

"வராதே!"

"என்னது?"

"அதாவது... உன் தங்கச்சிக்கு முட்டி வலின்னியே. பாவம், கூட இருந்து பாத்துக்கிட்டு மெதுவா வா."

"முப்பத்தெட்டு வருஷத்துல அவளுக்கு முட்டின்னு ஒண்ணு இருக்கிறதே உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்று கேட்டாள் பஹீகா. ஆனாலும் மறுநாள் மாலை அவளே போன் செய்து, இன்னும் சில நாள் ஆகும் என்றாள். ஷுக்ரி தங்கையின் முட்டிக்காக மனதார துஆ செய்தார், அது சீக்கிரம் குணமாகிவிடக் கூடாது என்று.

செவ்வாய்க்கிழமை, சூடு போதவில்லையோ என்று பஹீகாவின் முடி உலர்த்தும் மெஷினால் எலியை வாட்டினார். கருகிய வாடையில் பஸ்பூஸா மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

புதன்கிழமை, "உப்புச் சப்பில்லாம யாரு சாப்பிடுவா?" என்றார் பயூமி. நியாயமாகப் பட்டது. சீரகமும் பூண்டும் தடவிக் கொடுத்தார். பாம்பு தொட்டியின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை பார்த்தால், அதன் கண்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன.

"கண்புரை!" என்று அலறினார் ஷுக்ரி. போன வருடம்தான் அவருக்கே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "பாவி நான், எலி கண்ணுக்கே தெரியாத புள்ளையப் போய்த் திட்டினேனே!"

நல்ல வெளிச்சத்தில் காட்டுவோம் என்று தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தி, மூடியைக் கழற்றிவைத்து, தன் கண்ணாடியைத் தேடிப் போனார். திரும்பி வந்தபோது தொட்டியில் எலி மட்டும் இருந்தது.

அன்று முழுக்கத் தேடினார்கள். ஷுக்ரி கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். பயூமி நாற்காலி மேல் நின்றபடியே தேடினார்.

வெள்ளிக்கிழமை காலை, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது. தலை முதல் வால் வரை எல்லாம் இருந்தது, உள்ளேதான் ஒன்றுமில்லை. ஊதினால் பறக்கும்போலக் கிடந்தது.

"ஐயோ பயூமி! பட்டினி கிடந்து வெறுந்தோலா வத்திப் போயிட்டாளே!"

பயூமி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஷுக்ரி அதைப் பஹீகாவின் பட்டுக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விசும்பினார்.

"பாம்பும் போச்சு, பஹீகாவும் போச்சு. என் டீக்கு எத்தன சக்கரைன்னுகூட எனக்குத் தெரியாதுய்யா. அவதான் போடுவா. அவ திட்டாத வீட்ல நான் யார்கிட்டப் பேசுவேன்?"

பயூமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கீழே போனார்.

அரை மணி நேரம் கழித்து, படுக்கையில் பஹீகாவின் தலையணை அசைந்தது. அதற்கடியிலிருந்து, இப்போதுதான் வண்ணம் பூசியதுபோல் பளபளவென்று ஓர் ஆரஞ்சுத் தலை நீண்டது. கண்ணிரண்டும் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தன. நாக்கு வெளியே வந்து, பசித்தவனைப்போல் காற்றைத் துழாவியது.

ஷுக்ரிக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பாம்பை மெல்லத் தொட்டிக்குள் விட்டு, எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினார். கெஞ்சவில்லை, சத்தியம் வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

சடக்!

எலியைக் காணோம். வால் நுனி மட்டும் ஒரு கணம் வெளியே ஆடி, அதுவும் உள்ளே போனது.

ஷுக்ரி பால்கனிக்கு ஓடினார். தெருவே கேட்கும்படி, கடலுக்கு அந்தப் பக்கம் கிரீஸ் வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பயூமி! முழுங்கிட்டா! என் பொண்டாட்டி எனக்குத்தான்! இரு, இப்பவே டாண்டாவுக்கு போன் போட்டு அவள வரச் சொல்றேன்!"

கீழே கார் கழுவிக்கொண்டிருந்த பயூமி, நீர்க்குழாயைப் போட்டுவிட்டுத் தன் அறைக் கதவைத் தட்டினார்.

"மேடம்! முழுங்கிடுச்சாம்! மூணு நாளா மாடி ஏறாம என் ரூம்ல உக்காந்திருந்தது போதும், பெட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க!"