ஜீரோ வாட்டின் நான்கு நிமிட மௌனம்

சில இசைக்குழுக்கள் சண்டையால் கலையும், சில கல்யாணத்தால் கலையும். எங்கள் குழு தன் சொந்த மௌனத்தாலேயே கலைந்தது. அந்த மௌனத்துக்கு இசையமைத்தவன் நான்தான் என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொள்கிறேன்.

குழுவின் பெயர் 'ஜீரோ வாட்'. மராத்தி பேசும் ஊரான நிக்டியில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் பயிற்சிக்கூடம். நான் கிதார், நண்பன் சந்தேஷ் டிரம்ஸ், இன்னும் இருவர் கீபோர்டும் பேஸும். சோதனை ராக் என்று சொல்லிக்கொள்வோம். (சோதனை யாருக்கு என்று அப்பா கேட்பார்.) மெட்டு போடுவது மக்களுக்கு லஞ்சம் கொடுப்பது மாதிரி என்பது அன்றைய என் கொள்கை. எங்கள் படைப்பின் நடுவே நான்கு நிமிடம் யாரும் எதையும் வாசிக்க மாட்டோம். பிறகு அம்மாவின் மிக்ஸி காலி ஜாரோடு மைக் முன்னால் ஓடும். அதுதான் உச்சகட்டம்.

கல்லூரி முடிந்ததும் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. எனக்குப் போக மனமில்லை. அப்பா திருநெல்வேலிக்காரர், இங்கே தொழிற்சாலையில் லேத்தோடு காலம் தள்ளியவர். ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு தடவ சனங்க முன்னாடி வாசிலே. பத்து பேரு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா, ஒரு வருசம் நீ வேலைக்குப் போவ வேண்டாம்."

பத்தே பேர். கிடைத்த மேடை எங்கள் காலனியின் கணபதி பந்தல். ஆரத்திக்கு முன்னால் பதினைந்து நிமிடம் தருவதாகக் காலனிச் செயலாளர் சொன்னார். முதல் வரிசையில் அப்பாவும் அம்மாவும். பின்னால் காலனியே உட்கார்ந்திருந்தது. முதல் பாகம் முடிகிற வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை. (பிரசாதம் ஆரத்திக்குப் பிறகுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

மௌனம் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் நொடிகளை எண்ணினேன். நூற்று எழுபதில் மணிச் சத்தம் கேட்டது. நாங்கள் முடித்துவிட்டோம் என்று நினைத்து, செயலாளர் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார். ஆரத்தி நடக்கும்போது யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அத்தனை பேரும் எழுந்து, கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். பள்ளி நாளிலிருந்தே கணபதி ஊர்வலத்தில் தாஷா மேளம் அடித்தவன் சந்தேஷ். அவன் கை தானாக டிரம்ஸுக்குப் போய்விட்டது. கீபோர்டும் பேஸும் அவன் பின்னாலேயே போயின. இரண்டு வருடத்தில் எங்கள் குழு அவ்வளவு நன்றாக வாசித்ததே இல்லை.

நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூற்று நாற்பது வந்ததும், கொள்கை தவறாமல் மிக்ஸியைப் போட்டேன்.

ஆரத்தி நின்றது. செயலாளர் தட்டோடு ஓரடி பின்வாங்கினார். குழந்தைகள் ஒன்றையொன்று பார்த்து அழுதன. அம்மா நிதானமாக மேடையேறி, மிக்ஸியை அணைத்து, ஜாரைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "காலி ஜார ஓட்டாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்றாள், மைக்கில். தமிழ் புரிந்ததோ இல்லையோ, அன்றைக்குப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, "எல்லாரும் எந்திச்சிட்டாவளே" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கும் பாணேரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிறேன். ரொம்ப நாள் அப்பா மேல் எனக்குக் கோபம் இருந்தது. நான் தோற்பதற்காகவே அந்த நிபந்தனையைப் போட்டார் என்று நினைத்திருந்தேன்.

சந்தேஷ் அன்றைக்குத் தன் போனில் பதிவு செய்திருந்தானாம். போன கணபதிக்குத்தான் தேடியெடுத்து அனுப்பினான். ஜீரோ வாட் உலகத்துக்கு விட்டுச்சென்றது அது ஒன்றுதான். என் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். மௌனம் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இங்க யாரோ பேசறாங்க. தாத்தா வாய்ஸ்."

வாங்கிக் கேட்டேன். மணிச் சத்தத்துக்கு அடியில் அப்பாவின் அரைகுறை இந்தி. "ருக்கோ, ருக்கோ. அபி கதம் நஹி ஹுவா." இருங்கள், இன்னும் முடியவில்லை என்று செயலாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம், "முடியலன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் கதவுக்கு வெளிய உக்காந்து, எப்பம்டா முடியும்னு காத்துக் கெடந்தவன்லே நான். எனக்குத் தெரியாதா?"

இப்போது எங்கள் வீட்டில் யார் பேச்சை நிறுத்தி யோசித்தாலும் மகள் கையை உயர்த்திவிடுகிறாள். "ருக்கோ, அபி கதம் நஹி ஹுவா." எல்லோரும் சிரிப்போம். அப்பா மட்டும் சிரிக்காமல் சமையலறை மிக்ஸி பக்கம் பார்ப்பார்.